ருசின் குடும்பத்தின் பூர்வீக ஊரைத் தேடுவது எப்படி?

கிழக்கு ஐரோப்பாவின் கார்பாத்திய மலைச்சரிவுகளில் வாழ்ந்த ருசின் என்ற ஸ்லாவிய மக்களுக்குத் தனி நாடு என்று ஒன்று நிலைத்ததே இல்லை. முதல் உலகப்போர் வரை மலைக்குத் தெற்கே ஹங்கேரி, வடக்கே ஆஸ்திரியாவின் கலீசியா மாகாணம். இன்று அதே ஊர்கள் ஸ்லோவாக்கியா, உக்ரைன், போலந்து என்று பிரிந்து கிடக்கின்றன. அமெரிக்காவில் குடியேறிய ஒரே குடும்பத்தை ஒரு காகிதம் ஹங்கேரியர் என்கிறது, இன்னொன்று ரஷ்யர் என்கிறது. ஆகவே நாட்டை விட்டுவிடுங்கள், ஊரைத் தேடுங்கள்.

முதல் வேலை, குடியேறிய நாட்டிலுள்ள தாள்களைத் திரட்டுவது. கல்லறைக் கல், திருமணப் பதிவு, கப்பல் பயணிகள் பட்டியல் மூன்றும் முக்கியம். 'கிரேக்கக் கத்தோலிக்கர்' (போப்பை ஏற்றுக்கொண்டு கிழக்கத்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கிறிஸ்தவர்; கிரேக்க நாட்டவர் அல்லர்) என்ற குறிப்பு கண்ணில் பட்டால் அதை நல்ல தடயமாகக் கொள்ளுங்கள். பயணிகள் பட்டியலில் கடைசியாக வசித்த இடம் இருக்கும்; 1907 முதல் சொந்த நாட்டிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் சேர்க்கப்பட்டன. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் பெயரை மாற்றினார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். அந்தப் பட்டியல்கள் கப்பல் கிளம்பும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டவை.

அடுத்தது குடும்பப் பெயர். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பிடியுங்கள். ஹங்கேரிய முறையில் 'எஸ்' தனியாக வந்தால் 'ஷ', 'எஸ்-இசட்' சேர்ந்து வந்தால் 'ஸ'. ஸ்லோவாக் முறையில் 'சி-எச்' என்பது 'ஹ' போல ஒலிக்கும். ஓவியர் ஆண்டி வார்ஹாலின் பெற்றோர் மிகோவா என்ற ருசின் ஊரைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வர்ஹோலா என்ற பெயரை அங்கே 'சி-எச்' போட்டு எழுதினார்கள், அமெரிக்காவில் வெறும் 'எச்' போதுமாகிவிட்டது. கொல்லரைக் குறிக்கும் கோவல், நெசவாளரைக் குறிக்கும் த்காச் போன்ற தொழிற்பெயர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பலரும் திணறி நிற்பது ஊர்ப் பெயரில்தான். 1898-ல் ஹங்கேரி ஊர்ப் பெயர்ச் சட்டம் கொண்டுவந்தது. அதையடுத்து ஸ்லாவிய ஊர்ப் பெயர்கள் பல ஹங்கேரிய மொழிக்கு மாற்றப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் இவோ ஜிமா தீவில் கொடி நாட்டிய அமெரிக்க வீரர்களில் ஒருவரான மைக்கேல் ஸ்டிராங்க் 1919-ல் பிறந்த ஊரையே பாருங்கள். ஸ்லோவாக்கில் யாரபினா, ருசினில் ஓர்யாபினா, பழைய ஹங்கேரியத் தாள்களில் யாரெம்பினா, பிறகு பெர்கென்யேத். கடைசிப் பெயர் மற்றவற்றோடு ஒட்டவே இல்லையே என்று தோன்றும். ஆனால் யாரபினா என்பது சிவந்த கனிகள் கொத்தாகத் தொங்கும் ஒரு மரம். ஹங்கேரிய மொழியில் அந்த இன மரத்துக்குப் பெர்கென்யே என்று பெயர். மொழிபெயர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். அருகிலுள்ள யாகுபானியும் 'ஸெபெஷ்யாகப்ஃபால்வா' ஆனது: ஸெபெஷ் மாவட்டம், யாகப் என்ற ஆள், ஃபால்வா என்றால் ஊர். இப்படிப் பிரித்துப் படிக்கப் பழகிவிட்டால் பாதிக் கதவுகள் திறந்துவிடும். ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு என்பதால் மாவட்டப் பெயரையும் கட்டாயம் குறித்துவையுங்கள்.

ஊர் உறுதியானதும் தேவாலயப் பதிவேடுகளுக்குப் போங்கள். ஸ்லோவாக்கியப் பதிவேடுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காலத்துக்கேற்ப லத்தீன், சிரிலிக் (ரஷ்ய மொழிக்குரிய எழுத்து வகை), ஹங்கேரியம் என்று மொழியும் எழுத்தும் மாறும். இவான் என்பவரே யோவான்னெஸ் ஆவார், யானோஷும் ஆவார். பெயரோடு வீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயர்கொண்ட மூன்று பேரைப் பிரித்துக் காட்ட அதைவிட நல்ல துணை இல்லை.

இன்றைய வரைபடத்தில் ஊரே இல்லையென்றாலும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். 1947-ல் போலந்து அரசு தன் பகுதியில் வாழ்ந்த, லெம்கோ எனப்படும் ருசின் மக்களை வேரோடு பெயர்த்து நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் குடியமர்த்தியபோது பல ஊர்கள் வெறிச்சோடிப்போயின. ஆஸ்திரிய-ஹங்கேரியக் கால ராணுவ வரைபடங்களில் அவை அப்படியே இருக்கின்றன. அந்த இடங்களுக்குப் போகிறவர்கள் புல்வெளி நடுவே கற்சிலுவைகளையும், வரிசையாக நிற்கும் பழைய பழமரங்களையும் இன்றும் பார்க்கிறார்கள். மரங்கள் நிற்கும் இடத்தில்தான் வீடுகள் இருந்தன.