சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு

கல்லடியில் ஒரு சிறு சஞ்சிகைக்கு வரும் கதைகளை நான்தான் திருத்துவேன். மட்டக்களப்பு வாவியில் மீன்பிடிக்கும் தம்பி ஒருவரின் முதல் கதையில் 40க்கு மேல் ஒற்றுப்பிழை (சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் வர வேண்டிய இடத்தில் விடுவதும், வேண்டாத இடத்தில் போடுவதும்). அத்தனையையும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் விதியும் எழுதிக் கொடுத்தேன் (அதில் எனக்கு என்ன பெருமை!). மூன்று மாதம் ஆள் இந்தப் பக்கமே வரவில்லை.

பிறகு நானே தோணித்துறைக்குப் போய்க் கதையை உரக்க வாசித்தேன். “வலை வீசிய மாமாவின் மகன் சிரித்தான்” என்ற இடத்தில் நிறுத்தி, “வீசியது யார் தம்பி, மாமாவா, மகனா?” என்றேன்.

“மகன்தான், அண்ணன்.”

‘வீசிய’ போன்ற பெயரெச்சம் எந்தப் பெயரோடு சேர்கிறது என்ற பாடம்தான் எனக்கு அந்த இடத்தைக் காட்டியது. அவருக்கோ கேள்வியே போதுமாக இருந்தது. “மாமாவின் மகன் வலையை வீசிவிட்டுச் சிரித்தான்” என்று அங்கேயே மாற்றினார்.

ஒற்றுப்பிழைகளைக் கடைசி வாசிப்புக்குத் தள்ளினேன். பொருள் மாறும் இடத்தை மட்டும் விளக்கினேன்: ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. மற்றவற்றை நானே திருத்திவிட்டேன். போன வாரம் இரண்டாவது கதை வந்தது, மீன் செதில் ஒட்டிய தாளில்.