ஏற்காட்டுப் பனியில் எக்ஸ்போஷர் பழகலாம்

புதிதாகக் கேமரா வாங்கி ஏற்காடு போய் வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "நேரில் பனி வெள்ளைவெளேரென்று இருந்தது, படத்தில் ஏன் அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது?" கேமராவில் கோளாறு இல்லை, விலை கூடிய லென்ஸ் போட்டாலும் இது மாறாது. உள்ளே இருக்கும் மீட்டருக்கு வெளிச்சத்தை அளக்கத்தான் தெரியும். எதிரே இருப்பது பனியா பாறையா என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் அளவுக்கே கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை மங்கும், கறுப்பு வெளுக்கும். படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்பதுதான் எக்ஸ்போஷர், அதைத் திருத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

முதலில் மேலே உள்ள மோட் டயலை 'ஏ'வில் வையுங்கள். கேனான் என்றால் 'ஏவி'. எடுத்த எடுப்பில், எல்லாவற்றையும் நாமே வைக்கும் 'எம்' மோடுக்குப் போகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஏ'வில் அப்பர்ச்சரையும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) நீங்கள் முடிவு செய்கிறீர்கள், ஷட்டர் ஸ்பீடை (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) கேமரா பார்த்துக்கொள்ளும். அப்பர்ச்சர் எண் 4, 5.6, 8, 11 என்று ஏற ஏற, ஒவ்வொரு படியிலும் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் 1/60இலிருந்து 1/125க்குப் போனாலும் பாதிதான். ஐஎஸ்ஓ 200ஐ 400 ஆக்கினால் படத்தின் பிரகாசம் இரு மடங்கு. இந்தப் பாதி, இரு மடங்கு கணக்கைத்தான் 'ஒரு ஸ்டாப்' என்கிறோம்.

அடுத்து, பனி இறங்கிய காலையில் ஏரிக்கரைக்கு வாருங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட்டு 200 வையுங்கள், அப்பர்ச்சர் 8. படமெடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா 1/125 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அப்படியே ஒரு படம் எடுங்கள். அப்புறம் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி +1க்கு, அதாவது ஒரு ஸ்டாப் கூடுதலாக, கொண்டுபோங்கள். இதுதான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். ஷட்டர் 1/60க்கு இறங்கும், பனி வெள்ளையாகும். இரண்டு படங்களின் ஹிஸ்டோகிராமையும் (இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். முதல் படத்தில் மேடு நடுவில் நிற்கும், இரண்டாவதில் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். வலது ஓரத்தில் போய் முட்டினால் விவரம் போய்விட்டது என்று அர்த்தம், +0.7க்குக் குறையுங்கள். திரையின் பிரகாசத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் நல்ல படமும் இருட்டாகத்தான் தெரியும்.

மலைக்குப் போக வழியில்லையா? சேலத்து வீட்டிலேயே பழகலாம். ஜன்னல் ஓரமாக ஒரு வெண்பட்டு வேட்டியை விரித்து, படம் முழுக்க அது நிறையும்படி எடுங்கள். +1 தேவைப்படும். அடுத்து ஒரு கறுப்புத் துணியின் நடுவில் வெள்ளிக் கொலுசை வையுங்கள். மீட்டர் துணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். துணி சாம்பலாகி, கொலுசின் மணிகள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாகிவிடும். -1 வைத்து மறுபடி எடுத்தால் துணி கறுப்பாகும், மணியின் வளைவும் முத்திரை வேலையும் தெரியும். இந்த இரண்டையும் செய்து பார்த்தவருக்கு மீட்டர் எங்கே ஏமாறும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

காபித் தோட்டத்தில் சிக்கல் வேறு. சில்வர் ஓக் நிழலில் வெளிச்சம் குறைவு. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் 55க்கு ஜூம் செய்து, அப்பர்ச்சர் 5.6, ஐஎஸ்ஓ 400 வைத்தால் ஷட்டர் 1/60 அளவில் நிற்கலாம். காற்றில் கிளை ஆடும்போது அது போதாது, பழக்கொத்து கலங்கிவிடும். தயங்காமல் ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள், 1/125 கிடைக்கும். கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரகரப்பு) வந்தாலும் படம் பயன்படும், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இலை இடுக்கில் வெயில் திட்டாக விழுந்தால் -0.7 வைத்து, பழத்தின் சிவப்பைக் காப்பாற்றுங்கள்.

'எம்' மோடைத் தொட நல்ல இடம் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனை. சூரியன் மறைந்து, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போதே கீழே சேலம் நகரத்து விளக்குகள் எரியத் தொடங்கும். டிரைபாடில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் 8, ஷட்டர் 4 நொடி. விரல் பட்டு அசையாமலிருக்க 2 நொடி டைமர் போடுங்கள். இருட்டாக வந்தால் 8 நொடி, விளக்குகள் வெளுத்தால் 2 நொடி. வானம் இருளும் வேகத்துக்கு ஏற்ப நொடிகளைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

கேமராவைப் பைக்குள் வைக்கும் முன் டயலை 'ஏ'வுக்கும், காம்பன்சேஷனைப் பூஜ்ஜியத்துக்கும் திருப்பிவிடுங்கள். பல கேமராக்களில் அணைத்தாலும் அந்த +1 அப்படியே இருக்கும். மறுநாள் எடுப்பதெல்லாம் வெளுத்துத்தான் வரும்.