லண்டன் வங்குறோத்துக்கு இங்கே காப்பை அடைவு வைக்க முதல்

“அக்கா, ஆயிரத்தைந்நூறு பவுண்ஸ் அனுப்பேலுமோ? வங்குறோத்துக்குப் போடப்போறன்.”

எங்கள் ஒழுங்கையில் ஒருத்திக்கு லண்டனில் இருக்கும் தம்பி எடுத்த கோல். வங்குறோத்து என்றால் கடனைக் கட்ட வழியில்லை என்று சட்டப்படி விண்ணப்பிப்பது. விடிந்ததும் காப்பைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து நகைக்கடைகள் இருக்கும் கஸ்தூரியார் வீதிக்கு அடைவு வைக்க வெளிக்கிட்டுவிட்டாள். பஸ் பிந்தியதால் கதைக்க நேரம் கிடைத்தது.

கேட்ட தொகையை அப்படியே நம்பியதுதான் முதற் பிழை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வங்குறோத்து விண்ணப்பத்தை அரசாங்க இணையத்தளத்தில் கடனாளியே நிரப்பலாம். கட்டணம் 680 பவுண்ஸ். மிச்சம் 820 யாருக்கு? படிவம் நிரப்பித் தரும் ‘தெரிந்த அண்ணை’க்கு. அந்த 680ஐயும் ஒரேயடியாகக் கட்டத் தேவையில்லை, சிறுகச் சிறுகக் கட்டலாம். முழுதும் கட்டி முடிந்த பிறகுதான் விண்ணப்பம் போகும். கட்டணத்துக்கு உதவுகிற தொண்டு அமைப்புகளும் அங்கே உண்டு. கடனட்டையில் உருவி அதைக் கட்ட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். திருப்பிக் கட்டமாட்டோம் என்று தெரிந்துகொண்டே எடுக்கும் கடன் பிறகு விசாரணையில் வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய பிழை, வங்குறோத்துத்தான் வேணுமா என்று கேளாமல் விடுவது. கடன் நிவாரணக் கட்டளை (Debt Relief Order) என்று ஒன்று இருக்கிறது, வருமானமும் சொத்தும் குறைந்தவர்களின் கடனை அழிக்கும் வழி. முந்தி 90 பவுண்ஸ், 2024 ஏப்ரலில் இருந்து இலவசம். கடன் 50,000 பவுண்ஸுக்குள், சொத்து 2,000க்குள், கார் இருந்தால் அது 4,000க்குள், செலவு போக மாதம் மிஞ்சுவது 75க்குள் இருக்கவேண்டும். சொந்த வீடு இருக்கக்கூடாது. இதைத் தானாகப் போட முடியாது, அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் ஊடாகத்தான். ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள் இரண்டிலும் ஆலோசனைக்குக் காசு இல்லை. ஸ்கொட்லாந்தில் முறை வேறு.

இனி எங்கள் ஆட்கள் வழக்கமாக மாட்டுப்படும் இடம்: ஊர்க் காணி. “இஞ்ச கிடக்கிற காணி அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று அவளும் கேட்டாள். வெளிநாட்டுச் சொத்தையும் காட்டத்தான் வேண்டும். முதுசொத்தில் பிரிக்காத பங்கு என்றாலும் பங்குதான். டவுன் பக்கம் அரைப் பரப்பே 2,000 பவுண்ஸைத் தாண்டிவிடும். சரி, நொத்தாரிசிடம் போய் அக்கா பேருக்கு நன்கொடை உறுதி முடித்தால்? வங்குறோத்தில் 5 வருசம் பின்னோக்கிப் போய் அப்படிக் கைமாறியவற்றைத் தோண்டலாம். ஒளிப்பது குற்றம். வங்குறோத்தானவர் மேலுள்ள கட்டுப்பாடுகள் 15 வருசம் வரை நீளலாம்.

அத்தானிடம் வாங்கினதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு போடுவோம் என்பதும் ஆபத்து. சொந்தக்காரருக்கு முன்னுரிமை கொடுத்துத் தீர்த்ததை 2 வருசத்துக்குப் பின்னோக்கிக் கிளறுவார்கள். காசு வாங்கின சொந்தமும் சேர்ந்து இழுபடும். அவள் அனுப்பப்போகும் காசுக்கும் ஒரு வார்த்தை: கடனாகக் கொடுத்தால் அதுவும் தம்பியின் கடன் பட்டியலில் ஏறி மற்றக் கடன்களோடு சேர்ந்தே அழியும். இங்கே அடைவு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உறுதிப் பெட்டியைத் திறந்தோம். வளவு இன்னும் தகப்பன் பேரில், தம்பியின் சொத்தில் அது சேராது. தம்பிக்குக் கடன் 23,000, வீடு இல்லை. ஆலோசகரோடு கதைக்க நாள் எடுத்திருக்கிறான். கட்டளை கிடைத்தால் 12 மாதம் ஓடும். அதற்குள் தகப்பன் அவன் பேருக்கு ஏதும் எழுதினால் அறிவிக்கவேண்டும், கட்டளையே ரத்தாகலாம். அதைக் கிழவனுக்கு விளங்கப்படுத்தத்தான் இப்போது பாடுபடுகிறாள்.