கருகிய பிளக் பாயிண்ட்டை நீங்களே மாற்றலாம், பாதுகாப்பாக

பிளக்கைச் செருகினால் சடசடவென்று சத்தம், சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், அயர்ன் பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கினால் பின்னில் சூடு. இதில் எது தெரிந்தாலும் அந்தப் பாயிண்ட்டை உடனே பயன்படுத்தாமல் நிறுத்துங்கள். பெரும்பாலும் உள்ளே லூஸ் கான்டாக்ட்தான் காரணம். தீப்பிடிப்பது இப்படித்தான் தொடங்கும்.

எதுவரை நாமே செய்யலாம்? பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிக்கொள்ள மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் இடம் தருகின்றன. புது லைன் இழுப்பது, மீட்டர் போர்டில் கை வைப்பது எல்லாம் உரிமம் பெற்றவர் வேலை. அதில் துணிச்சல் வேண்டாம்.

1. வாங்க வேண்டியவை

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 6 ஆம்பியர் த்ரீ பின் சாக்கெட், இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூ டிரைவர், வயர் ஸ்ட்ரிப்பர், டெஸ்டர் (கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கு எரியும் ஸ்க்ரூ டிரைவர்), வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர். 6 ஆம்பியர் இருந்த இடத்தில் 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டாதீர்கள். சுவருக்குள் போகும் வயர் அந்த லோடைத் தாங்கும் தடிமனில் இருக்காது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். 1500 வாட் கெட்டிலுக்கே இது போதாது.

2. கரண்ட்டை நிறுத்துவது

அவசரமே கூடாத இடம் இது. முதலில் அந்த அறையின் எம்.சி.பி.யை (லோடு கூடினால் தானே இறங்கும் சுவிட்ச்) மட்டும் இறக்குங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டேஜில், 230-ஐ விடப் பெரிய ரேஞ்சில் வைத்து, கரண்ட் இருக்கும் வேறொரு பாயிண்ட்டில் பாருங்கள். 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு கருகிய சாக்கெட்டில் பேஸ் (கரண்ட் வரும் வலது ஓட்டை), நியூட்ரல் (கரண்ட் திரும்பும் இடது ஓட்டை), எர்த் (மேலே உள்ள பெரிய ஓட்டை) என்று வைத்து, பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் பாருங்கள். எதிலும் வோல்ட்டேஜ் காட்டக் கூடாது. மறுபடி நல்ல பாயிண்ட்டுக்குப் போய் மீட்டர் இன்னும் சரியாகக் காட்டுகிறதா என்று உறுதி செய்யுங்கள். டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். ரப்பர் செருப்போடு நின்றால் அதன் வெளிச்சம் மங்கி, கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

அடுத்து மெயினையும் இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். மெயின் போன நொடியிலேயே அது பேட்டரியிலிருந்து அதே போர்டுக்கு 230 வோல்ட் அனுப்பத் தொடங்கிவிடும். ‘மெயினை ஆஃப் பண்ணிட்டேனே’ என்று கை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மெயினை யாரும் போட்டுவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள், பெட்டியில் ஒரு தாளும் ஒட்டுங்கள்.

3. கழற்றி மாட்டுவது

போர்டைத் திறந்ததும் மீட்டரால் இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பதுதான் வழக்கம். ஆனால் பழைய வீடுகளில் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள். நிறத்தை நம்பாமல், எந்த வயர் எந்த முனையிலிருந்து வந்தது என்று பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஒரே முனையில் இரண்டு வயர் இருந்தால் அது அடுத்த பாயிண்ட்டுக்குப் போகும் லூப். புது சாக்கெட்டிலும் இரண்டையும் சேர்த்தே மாட்ட வேண்டும்.

கருகி விறைத்த நுனியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, இழைகளை முறுக்கி, முனைக்குள் முழுவதும் நுழைத்து இறுக்குங்கள். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும். சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பின்பக்கம் இடவலம் மாறும் என்பதால் அச்சிட்டிருக்கும் குறிகளைப் பார்த்தே மாட்டுங்கள்.

4. சோதனை

போர்டை மூடிய பிறகே கரண்ட் கொடுங்கள். சுவிட்ச் ஆன் செய்தால் வலது–இடது 230-ஐ ஒட்டி, வலது–மேல் ஏறத்தாழ அதே அளவு, இடது–மேல் சில வோல்ட் மட்டும் காட்ட வேண்டும். வலது–மேலில் ஒன்றும் வராவிட்டால் எர்த் இல்லை என்று அர்த்தம். சுவிட்ச் ஆஃபில் இருந்தும் எர்த்துக்கும் ஏதாவது ஓர் ஓட்டைக்கும் நடுவே 230 காட்டினால் சுவிட்ச் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. இரண்டில் எது தெரிந்தாலும் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வரும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லி, இல்லையென்றால் அப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.