கிண்ணத்துக்குள்ளே எத்தனை? குழந்தைக்குக் கழித்தல் சொல்லித்தரும் முறை

கழித்தலைக் குறியிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் குழந்தையின் கை பழகட்டும், அடுத்து படம் வரட்டும், எழுத்து கடைசியில் வந்தால் போதும். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் எடுத்துச் சொன்ன வரிசையும் இதுதான்.

பத்துப் பொருள்களைத் தொட்டுத் தொட்டு எண்ணவும், பத்திலிருந்து ஒன்று வரை இறங்கிச் சொல்லவும் குழந்தைக்கு வருகிறதா? வராவிட்டால் இன்னும் சில வாரம் எண்ணும் விளையாட்டே போதும். ராக்கெட் விடுவதுபோல் "பத்து, ஒன்பது, எட்டு..." என்று கத்தி விளையாடினால் இறங்குவரிசை தானாகப் பழகிவிடும்.

தேவையானவை: ஒரே நிறத்தில் பத்துப் பொத்தான்கள், உள்ளே இருப்பது தெரியாத ஒரு கிண்ணம், சாக்பீஸ், தாள். நிறம் மாறினால் குழந்தை நிறம் பிரிக்கப் போய்விடும்.

படி 1: பறந்து போச்சு

ஐந்து பொத்தான்களை வையுங்கள். இவை குருவிகள். "இரண்டு குருவி பறந்து போச்சு, மீதி எத்தனை?" பறக்க வைப்பது குழந்தையின் கையாக இருக்கட்டும். மீதியை ஒன்றிலிருந்து எண்ணினாலும் தடுக்காதீர்கள். எல்லாக் குருவிகளும் பறந்துபோகும் கதையையும் சொல்லுங்கள். பூஜ்ஜியம் அங்கேயே அறிமுகமாகிவிடும்.

படி 2: கிண்ண விளையாட்டு

எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அதிக நாள் கொடுக்க வேண்டியதும் இதற்குத்தான்.

ஐந்து பொத்தான்களைக் குழந்தை எண்ணட்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, இரண்டைக் கிண்ணத்தால் மூடுங்கள். வெளியே மூன்று தெரிகிறது. "உள்ளே எத்தனை?" பதில் சொன்ன பிறகே கிண்ணத்தைத் தூக்க வேண்டும். சரியா தவறா என்பதைப் பொத்தான்களே காட்டிவிடும், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

அடுத்து குழந்தை ஒளிக்கட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். எப்போதாவது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள்; உங்களைத் திருத்துவதில் குழந்தைக்கு அவ்வளவு சந்தோஷம்! மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஐந்து, ஐந்தில் மூன்று போனால் இரண்டு, இரண்டு போனால் மூன்று. கூட்டலும் கழித்தலும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம் என்பது இங்கேதான் பிடிபடும். ஐந்து தயங்காமல் வந்த பிறகே ஆறு, ஏழு என்று போங்கள்.

படி 3: பின்னால் குதி

தரையில் 0 முதல் 10 வரை கட்டம் போடுங்கள். எட்டில் நின்று மூன்று குதி பின்னால். பல குழந்தைகள் நிற்கும் கட்டத்தையே "ஒன்று" என எண்ணி, ஆறில் போய் நிற்பார்கள். எண்ண வேண்டியது கட்டத்தை அல்ல, குதிப்பதை. கால் தரையிலிருந்து எழும்பும்போதுதான் "ஒன்று" என்று சொல்ல வேண்டும்.

படி 4: யாருக்குக் கிடைக்கவில்லை?

ஏழுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தில் எதுவும் காணாமல் போவதில்லை. அதனால் "எத்தனை அதிகம்?" என்றால் "ஏழு" என்பார்கள். டாம் ஹட்சன் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி சொல்கிறது: புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது தடுமாறிய குழந்தைகள் பலர், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டதும் சரியாகச் சொன்னார்கள். நீங்களும் இரண்டு வரிசையை ஜோடி சேர்த்து, ஜோடி கிடைக்காதவற்றை எண்ணச் சொல்லுங்கள்.

படி 5: தாளில்

ஐந்து வட்டம் வரைந்து இரண்டை அடிக்கட்டும். பக்கத்தில் 5 − 2 = 3 என எழுதி, "ஐந்தில் இரண்டு போனால் மூன்று" என்று படியுங்கள். 2 − 5 என மாற்றி எழுதினால் அழிக்காதீர்கள். இரண்டு பொத்தான்களைக் கொடுத்து ஐந்தை எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் தாராளம். விரல்விட்டு எண்ணினால் விட்டுவிடுங்கள். பத்துப் பொத்தான் கிண்ண விளையாட்டில் பதில் சட்டென்று வரும்வரை பத்தைத் தாண்டிய கணக்கு எதுவும் வேண்டாம்.