பேஸ் கிட்டாரில் கீழ்த்தந்தி கெடும் வழிகள்

மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர் என்றாவது ஒருநாள் ஐந்து தந்தி பேஸுக்கு ஆசைப்படுவார். பெரும்பாலும் அதற்குக் காரணம் பாடகர்தான். ஒத்திகையில் ஈ ஸ்கேலில் பழகிய பாட்டை, மேடையில் நின்றுகொண்டு "இரண்டு கட்டையில் எடுங்கள்" என்பார். இரண்டு கட்டை என்றால் டி. நான்கு தந்தி பேஸ் ஈ-யோடு நின்றுவிடுகிறது; அதற்குக் கீழே உள்ள டி அதில் கிடையாது. ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்தால் பாட்டின் அடித்தளம் மெலிந்துவிடும். ஐந்து தந்தியில் கீழே பி இருக்கிறது. அதன் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிதான் ஃப்ரெட்) அந்த டி கிடைத்துவிடுகிறது.

ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாங்கிய சில மாதங்களுக்குள் "பி தந்தி குழறுகிறது, சுருதி நிற்கவில்லை" என்ற புலம்பல் தொடங்கிவிடும். பழகுபவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் பல, ஒரு காலத்தில் நானும் செய்தவைதான். சுருதி சேர்க்காமல் மேடை ஏறுவது, துருப்பிடித்த தந்தியோடு காலம் தள்ளுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை தவறு என்று செய்பவர்களுக்கே தெரியும்.

வளைக்கும் முன் வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

பேஸ் தந்தியின் நடுவே ஓர் எஃகுக் கம்பி இருக்கும். அதன்மேல் நிக்கல் பூசிய எஃகு இழையோ, துருப்பிடிக்காத எஃகு இழையோ சுற்றப்பட்டிருக்கும். ஈ தந்தியின் தடிமன் வழக்கமாக 0.105 அங்குலம். பி தந்தி 0.130 அங்குலம் வரும், அதாவது 3.3 மில்லிமீட்டர். இந்தத் தடிமனைக் கொண்டுவர இழையை அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பார்கள். சுற்று நடுக்கம்பியை இறுகப் பிடித்திருக்கும் வரைதான் தந்தி ஒழுங்காக அதிரும். நேராக இருக்கும் தந்தியை அப்படியே வெட்டினால் வெட்டிய முனையில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. சாட்டை தளர்ந்த பம்பரம் எப்படிச் சுற்றுமோ, அந்தத் தந்தியும் அப்படித்தான் ஒலிக்கும். நடுக்கம்பி அறுகோணமாக இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். உருண்டையாக இருந்தால் பிழைக்காது.

வெட்டாமல் மாட்டவும் முடியாது என்பதுதான் சிக்கல். பல பேஸ்களில், தந்தியை முறுக்கும் கீயின் தண்டு நடுவே பிளந்திருக்கும், அதன் அடியில் ஒரு துளை இருக்கும். தந்தியின் முனையை அந்தத் துளைக்குள் இறக்கிவிட்டுச் சுற்ற வேண்டும். ஆகவே நீளத்தை முன்கூட்டியே குறைத்தாக வேண்டும். செய்யும் முறை இது: தந்தியை அதற்குரிய கீயைத் தாண்டி இழுத்துப் பிடியுங்கள். கீயிலிருந்து சுமார் பத்து சென்டிமீட்டர் தள்ளி, செங்கோணமாக மடியுங்கள். மடிப்புக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். மடிப்பு சுற்றைப் பூட்டிவிடும். பிறகு முனையைத் துளைக்குள் செருகி, சுற்றுகள் மேலிருந்து கீழே இறங்கும்படி இழுங்கள். பி தந்திக்கு இரண்டு சுற்று போதும். தந்தி தண்டின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டால்தான் நட்டின்மேல் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் தாண்டும் பள்ளமிட்ட பட்டை) போதிய அழுத்தம் விழும்.

ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் இளைஞர் தன் ஐந்து தந்தி பேஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன் அண்ணா, கழுத்து கோணிவிட்டது போலிருக்கிறது" என்றார். கழுத்தில் ஒரு கோணலும் இல்லை. பி தந்தியைக் கீயை ஒட்டி வெட்டி, அரைச் சுற்றில் நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) ஒன்று சொன்னது, அழுத்தி வாசித்த ஸ்வரம் வேறொன்று சொன்னது. அதைச் சரிசெய்யப் பார்த்து சேடிலை (உடல்பக்கம் தந்தியைத் தாங்கும் நகரும் துண்டு) பின்னால் தள்ளித் தள்ளி, அது திருகின் கடைசிக்கே போய்விட்டிருந்தது. நடுவில் யாரோ சொன்னதைக் கேட்டுப் புது டியூனர், எஃபெக்ட் பெடல் என்று செலவு வேறு. புதிய தந்தி மாட்டி, சேடிலை முன்னால் கொண்டுவந்ததும் வேலை முடிந்தது. உள்ளூர்க் கடைகளில் பி தந்தி தனியாகக் கிடைப்பது அரிது. ஒரு தந்திக்காக முழு செட்டையும் வாங்க வேண்டியிருந்தது.

மாட்டிய பிறகு இன்னும் ஒரு வேலை உண்டு. அதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தடித்த தந்தி சேடிலைத் தாண்டும் இடத்தில் தானாக மடியாது, வில்லாக எழும்பி நிற்கும். சேடிலுக்கு முன்னால் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திவிடுங்கள். நட்டுக்கு முன்னாலும் அப்படியே. அதன் பிறகுதான் இன்டொனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள்.

நீளம் பார்க்காமல் தந்தி வாங்குவது

பெரும்பாலான பேஸ்களின் ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து சேடில் வரை) 34 அங்குலம். சில ஐந்து தந்தி பேஸ்களில், பி தந்தி விறைப்பாக நிற்பதற்காக 35 அங்குலம் வைத்திருப்பார்கள். உடலுக்குப் பின்னாலிருந்து தந்தியைக் கோக்கும் பிரிட்ஜ் என்றால் இன்னும் நீளம் வேண்டும். குட்டையான தந்தியை மாட்டினால் அதன் மெலிந்த நுனி நட்டின்மேல் வந்து உட்காரும், அது தந்தியே அல்ல.

செட்டின் உறையையும் படியுங்கள். ஐந்து தந்தி என்றாலே கீழே பி என்று விதி எதுவும் இல்லை. ஃபெண்டர் நிறுவனம் 1965-இல் கொண்டுவந்த பேஸ் ஃபைவில் ஐந்தாவது தந்தி மேலே சி-யாக இருந்தது. இன்று பரவலாகிவிட்டது கீழ் பி-தான் என்றாலும் மேல் சி செட்டுகளும் விற்பனையில் இருக்கின்றன.

நான்கு தந்தி பேஸில் பி-யைத் திணிப்பது

ஜி-யைக் கைவிட்டு பி, ஈ, ஏ, டி என்று கட்டலாம். அதற்கு நட்டின் பள்ளங்களை அராவி அகலமாக்க வேண்டும். பிறகு பழைய தந்திகளுக்கே திரும்ப நினைத்தால் அவை அந்தப் பள்ளங்களில் ஆடும். வேறு பேஸ் கையில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

டியூனரைக் கேள்வி கேட்காமல் நம்புவது

திறந்த பி தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 31 முறை அதிர்கிறது, ஈ 41 முறை. தலைப்பகுதியில் கவ்வும் சிறிய டியூனர்கள் பல இவ்வளவு கீழே தடுமாறும். முள் இங்கும் அங்கும் அலையும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் எழுப்பிக் காட்டுங்கள், அதிர்வு இரட்டிப்பாகி முள் நின்றுவிடும். ஓங்கி மீட்டாதீர்கள். ஓங்கி மீட்டினால் தந்தி முதலில் ஏறிப் பிறகு இறங்கும். எந்த இடத்தை நம்புவது? எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். இறக்கி நிறுத்திய தந்தி இரண்டு பாட்டுக்குள் மேலும் இறங்கிவிடும்.

ஐந்தாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கை அடுத்த தந்தியின் ஏழாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கோடு சேர்க்கும் முறை நம்மவர்களுக்கு மிகவும் பிடிக்கும். தம்புராவில் பழகிய காது, இரண்டு ஒலிகளுக்கிடையே அலை அடங்கினால்தான் திருப்தி அடையும். ஆனால் அப்படிச் சேர்க்கும்போது இரு தந்திகளுக்கிடையே வரும் மத்தியமம் ஃப்ரெட்டுகள் தரும் மத்தியமத்தைவிட இரண்டு சென்ட் குறைவு. (ஓர் அரைஸ்வரத்துக்கு நூறு சென்ட்.) நான்கு தந்தியில் மூன்று ஜோடிக்கு ஆறு சென்ட், ஐந்து தந்தியில் பி-யிலிருந்து ஜி வரை எட்டு. கல்யாண மண்டபத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒலிப்பதிவில் கீபோர்டோடு சேர்த்துக் கேட்கும்போது தெரியும்.

கட்டைவிரலை பிக்அப்பிலேயே விட்டுவிடுவது

நான்கு தந்தியில் வந்த பழக்கம் இது. கட்டைவிரல் பிக்அப்பின்மேல் (தந்தியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பாகம்) இருக்க, நீங்கள் டி தந்தியில் வாசிப்பீர்கள். தொடாத பி தந்தி கீழே தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். வீட்டில் சிறிய ஆம்பில் கேட்காது, மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் மொத்த இசையும் கலங்கிவிடும். ஈ-யில் வாசிக்கும்போது கட்டைவிரல் பி-யின்மேல் சாய்ந்திருக்க வேண்டும். மேல் தந்திகளுக்குப் போகப்போகக் கட்டைவிரலும் கூடவே நகர்ந்து, விட்டுவந்த தந்திகளை அமர்த்த வேண்டும்.

எல்லாவற்றையும் கீழேயே வாசிப்பது

பி கிடைத்துவிட்டது என்பதற்காகப் பாட்டு முழுவதையும் அங்கே இறக்குவார்கள். பேஸ் டிரம்மோடு மோதி இரண்டுமே தெளிவிழக்கும். வாடகை ஸ்பீக்கர்களில் பல அந்த ஆழத்தை முழுதாக ஒலிப்பதும் இல்லை. பி தந்தியின் பெரிய பயன் வேறு: அதன் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஈ, எட்டாவதில் ஜி, பத்தாவதில் ஏ இருக்கின்றன. பாடகர் கட்டையை மாற்றினாலும், திறந்த தந்தியை நம்பாமல் அதே விரல் அமைப்பை அப்படியே நகர்த்தி வாசித்துவிடலாம். கீழ் டி-யைப் பல்லவி திரும்பும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் தந்தியோடு அன்றே மேடை ஏறுவது

முந்தின நாளே மாற்றுங்கள்.

கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகுவது

சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் போய்விடும்.

டியூனரில் 440 என்ற எண் மாறியிருப்பதைக் கவனிக்காதது

ஏ ஸ்வரத்துக்கான அதிர்வெண் அது. பைக்குள் பொத்தான் அழுந்தி 442 ஆகியிருக்கும். கீபோர்டுக்காரரிடம் சண்டை போடுவதற்கு முன் பாருங்கள்.