சங்குப்பூ பூக்காமல் போவதற்கு நாம் செய்யும் தவறுகள்

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்கள் பக்கம் வேலியோரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே சங்குப்பூ நீலமாய்ப் பூத்துக் கிடக்கிறது. அதே கொடியை வேலூரில் மாடித் தொட்டியில் பார்த்துப் பார்த்து வளர்ப்பவர்கள், "கொடி மட்டும் ஓடுது, பூவே இல்லை" என்கிறார்கள். எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான். காரணம் பெரும்பாலும் யூரியா.

காக்கணம் என்று நம் பாட்டிமார் சொன்ன இந்தக் கொடி பயறு வகை. புல்வெளியில் புல்லோடு சேர்ந்து வளர்ந்து, மாட்டுக்குத் தீனியாகிற செடி. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சலுக்கென்றே விதைக்கிறார்கள். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அதற்குக் கொடுத்துவிடும். நாம் யூரியா போட்டால் செடிக்கு அந்த முடிச்சு தேவையில்லாமல் போகிறது. கிடைத்த சத்து முழுவதும் இலையாகவும் கொடியாகவும் மாறுகிறது. நடும்போது செம்மண்ணோடு மக்கிய தொழு உரமும் ஒரு பிடி எலும்புத் தூளும் கலந்தால் போதும். தென்னை நார்க் கழிவு மட்டும் நிரப்பிய பையில் அந்த பாக்டீரியா இருக்காது. மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்த கொல்லையிலிருந்து இரண்டு கை மண் எடுத்துக் கலந்து பாருங்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு முடிச்சை நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது விதை. தோல் கல் மாதிரி கெட்டி. அப்படியே ஊன்றிவிட்டு, முளைக்கவில்லையே என்று கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். ஊறிப் பெருத்ததை ஊன்றலாம். பெருக்காததை மறுபடி தேய்த்து ஊற வைக்க வேண்டும். ஒரு விரற்கடைக்கு மேல் ஆழம் வேண்டாம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும்.

நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் வேண்டாம். ஆணிவேர் நேராகக் கீழே இறங்குகிற செடி இது. அந்த வேர் அறுந்தால் தேறுவது கஷ்டம். ஒரு அடியாவது ஆழமுள்ள தொட்டியில், இருக்கப்போகிற இடத்திலேயே விதையுங்கள். நல்ல வெயில் விழுகிற இடமாக இருக்கட்டும். நிழல் வலைக்குக் கீழே வைத்தால் பூ குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் இலை மஞ்சளாகும். சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் உரம் போடுகிறார்கள். அழுகுவது வேர். அடியிலுள்ள ஓட்டையைப் பாருங்கள், அப்புறம் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

எனக்கு மனசு வலிப்பது சித்திரை, வைகாசியில் நடப்பதுதான். கத்திரி வெயிலில் இந்த ஊர் பாறைமலைகள் ராத்திரியிலும் அனல் கக்கும். கொடி இலையை உதிர்த்துக் குச்சியாய் நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். இது பல வருஷம் இருக்கிற செடி. தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் ஒரு அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, வேரடியில் காய்ந்த சருகு போட்டு, காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். மழை தொட்டதும் துளிர்க்கும்.

டீக்குப் பூவை மட்டும் எடுங்கள், அதுவும் மருந்து அடிக்காத கொடியிலிருந்து. விதையும் வேரும் பேதியாக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

காயையெல்லாம் கொடியிலேயே முற்ற விட்டால் புதுப் பூ குறைந்துவிடும். விதைக்கு நாலைந்து காய் விட்டு, மற்றதைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள். விட்ட காய் பழுப்பானதும், வெடித்துச் சிதறுவதற்குள் பறித்து நிழலில் காயவைத்தால் ஆடிப் பட்டத்துக்குச் சொந்த விதை தயார்.